ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட்ல ஸ்வாப்: எவ்ளோ வைக்கணும், எங்க வைக்கணும், எப்படி செட் பண்ணணும்

ப்ராக்ஸ்மாக்ஸ்ங்கறது ஒரே மெஷின்ல பல விஎம் (மெய்நிகர் கம்ப்யூட்டர்) ஓட்டற சாஃப்ட்வேர், அந்த மெஷின் தான் ஹோஸ்ட். அந்த ஹோஸ்ட்ல ஸ்வாப் (ராம் பத்தாதப்ப கைகுடுக்க டிஸ்க்ல ஒதுக்கற இடம்) பத்தி யார்கிட்ட கேட்டாலும் ரெண்டு பதில்ல ஒண்ணு வரும். "ராம் தான் நிறைய இருக்கே, ஸ்வாப்பை தூக்கிடு"ம்பாங்க, இல்லன்னா "ராமுக்கு ரெண்டு மடங்கு வை"ம்பாங்க. விஎம் ஓடுற ஹோஸ்ட்டுக்கு ரெண்டுமே சரிப்படாது. சின்னதா ஒரு ஸ்வாப் இருக்கணும், பெரும்பாலான மெஷினுக்கு 4ல இருந்து 8 ஜிபி போதும், அது சரியான டிஸ்க்ல இருக்கணும், அதையும் ராமோட சேர்த்து கூட்டி விஎம் மேல விஎம் அடுக்கக்கூடாது. காரணம் தெரியாம செஞ்சீங்கன்னா நாளைக்கு வேற யாராவது சொன்னதைக் கேட்டு மாத்திடுவீங்க, அதனால காரணத்தோடவே சொல்றேன்.

கமாண்ட் பேரையெல்லாம் வாயால சொல்ற மாதிரியே எழுதியிருக்கேன், டெர்மினல்ல ரூட்டா லாகின் பண்ணி சின்ன எழுத்துல அடிங்க. பெரிய எழுத்து வர்ற இடத்துல மட்டும் தனியா சொல்லிடறேன்.

முதல்ல, ஹோஸ்ட்ல மட்டும் ஸ்வாப் ஏன் வேற மாதிரி நடந்துக்குதுன்னு பாருங்க. சாதாரண லினக்ஸ் சர்வர்ல ராம்ல நிறைய இடத்துல பேஜ் கேச் தான் இருக்கும், அதாவது டிஸ்க்ல இருக்கிற ஃபைலோட நகல், மெமரி பத்தலன்னா கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) அதைத் தூக்கிப் போட்டுட்டு இடம் பண்ணிக்கும். ஹோஸ்ட்ல அப்படி இல்ல. ஒரு விஎம்முக்கு 16 ஜிபி குடுத்திருக்கீங்க, உள்ள ஓடுற லினக்ஸ் அதுல 10 ஜிபியை தன்னோட ஃபைல் கேச்சுக்கு வச்சிருக்குன்னு வைங்க. உள்ள இருந்து பார்த்தா அது கேச், எப்ப வேணா விட்டுடலாம். ஆனா வெளிய ஹோஸ்ட் கெர்னலுக்கு அந்த 16 ஜிபியும் கேவிஎம்ங்கற, விஎம்மை ஓட்டற ஒரு ப்ராசஸோட சொந்த மெமரி, அதுல எது கேச் எது டேட்டாபேஸ்னு அதுக்குத் தெரியவே தெரியாது. தூக்கிப் போட முடியாது, ஒண்ணு ராம்லயே வச்சிருக்கணும், இல்லன்னா ஸ்வாப்ல எழுதணும், வேற வழி கிடையாது. விண்டோஸ் விஎம்னா இன்னும் மோசம், பூட் ஆகறப்பவே குடுத்த மெமரி முழுக்க பூஜ்யம் எழுதி தொட்டுடும், அதனால 16 ஜிபி குடுத்தா ஹோஸ்ட்ல 16 ஜிபியும் போயிடும்.

இந்த நிலமைல ஸ்வாப் சுத்தமா இல்லாம மெமரி தீர்ந்துச்சுன்னா கெர்னலோட ஓஓஎம் கில்லர் (அவுட் ஆஃப் மெமரி ஆனா ஒரு ப்ராசஸை நிறுத்தி இடம் பண்ற பகுதி) வரும். அது யாரைக் கொல்லும்? நிறைய மெமரி வச்சிருக்கிற ப்ராசஸை. ஹோஸ்ட்ல நிறைய மெமரி வச்சிருக்கிறது யாரு, உங்களோட பெரிய விஎம் தான், அதாவது பெரும்பாலும் டேட்டாபேஸ் சர்வர் தான். விஎம்முக்கு அது பவர் வயரைப் பிடுங்கின மாதிரி, ஷட்டவுன் எல்லாம் கிடையாது, ஜியுஐல (ப்ராக்ஸ்மாக்ஸோட வெப் ஸ்க்ரீன்ல) திடீர்னு ஸ்டாப்டுன்னு காட்டும், உள்ள லாக்ல ஒரு வார்த்தை கூட இருக்காது. "என் விஎம் காரணமே இல்லாம ராத்திரி நின்னுபோகுது"ன்னு யாராவது சொன்னா நான் முதல்ல பார்க்கச் சொல்றது ஹோஸ்ட்ல ஜர்னல்சிடிஎல் ஹைஃபன் கே. அதுல அவுட் ஆஃப் மெமரி, கில்ட் ப்ராசஸ்னு போட்டு ஒரு நம்பர், பக்கத்துல கேவிஎம்னு ஒரு வரி இருந்துச்சுன்னா கேஸ் முடிஞ்சுது. சின்ன ஸ்வாப் ஒண்ணு இருந்தா இந்த அடி உடனே விழாது, கெர்னலுக்கு ரொம்ப நாளா யாரும் தொடாத பேஜையெல்லாம் (மெமரியோட சின்னத் துண்டு) ஒதுக்கி வைக்க ஒரு இடம் கிடைக்கும், உங்களுக்கும் அலர்ட் வந்து எதையாவது செய்ய கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

அப்படின்னா 64 ஜிபி ஸ்வாப் வச்சா இன்னும் நல்லதுதானேன்னு தோணும். இல்லீங்க. ஸ்வாப் பெருசா இருந்தா ஓஓஎம் வராது, அதுக்கு பதிலா விஎம்மோட உயிருள்ள பேஜெல்லாம் டிஸ்க்குக்குப் போய்ப் போய் வரும், ஹோஸ்ட் மொத்தமும் ஜாம் ஆகும், எஸ்எஸ்ஹெச் லாகின் பண்ணவே நிமிஷக் கணக்குல ஆகும். க்ளஸ்டர்ல (பல ஹோஸ்ட் சேர்ந்த குழு, ஒவ்வொண்ணும் ஒரு நோடு) ஹெச்ஏ (ஒரு நோடு விழுந்தா அதோட விஎம்மை வேற நோடுல தானா எழுப்பற வசதி) ஆன் பண்ணியிருந்தீங்கன்னா இன்னொரு ஆபத்து, நோடு மூச்சு முட்டி கோரம் (பெரும்பான்மை நோடுகளோட தொடர்பு) 60 செகண்ட் இழந்துட்டா வாட்ச்டாக் டைமர் அதை ரீபூட் பண்ணிடும், ஒரு விஎம் போறதுக்கு பதிலா நோடே போகும். ப்ராக்ஸ்மாக்ஸ் இன்ஸ்டாலரும் இதே கணக்குல தான் போகுது: எல்விஎம் (டிஸ்க்கை வால்யூம் வால்யூமா பிரிக்கற முறை) இன்ஸ்டால்ல ராம் எவ்ளோவோ அவ்ளோ ஸ்வாப், குறைஞ்சது 4 ஜிபி, அதிகபட்சம் 8 ஜிபி, அதுவும் டிஸ்க் சைஸ்ல எட்டுல ஒரு பங்கைத் தாண்டாது. 256 ஜிபி ராம் போட்டாலும் 8 தான் வைக்கும். அந்த 8 எனக்கு சரின்னு தான் படுது.

இப்ப உங்க மெஷின்ல என்ன இருக்குன்னு பாருங்க. ஸ்வாப்ஆன் ஹைஃபன் ஹைஃபன் ஷோன்னு அடிச்சா எந்த டிவைஸ், பார்ட்டிஷனா ஃபைலா, சைஸ், எவ்ளோ யூஸ் ஆயிருக்கு, ப்ரையாரிட்டி என்னன்னு ஒரு டேபிள் வரும், ஒண்ணுமே வரலன்னா ஸ்வாப்பே இல்லன்னு அர்த்தம். அப்புறம் ஃப்ரீ ஹைஃபன் ஹெச் அடிங்க, அதுல ஃப்ரீங்கற காலத்தை (நெடுவரிசையை) பார்க்காதீங்க, கடைசில இருக்கிற அவைலபிள் தான் கணக்கு. அப்புறம் விஜிஎஸ்னு அடிங்க, பிவிஇன்னு ஒரு வால்யூம் க்ரூப் வரும், அதோட விஃப்ரீல எவ்ளோ மிச்சம்னு பாருங்க. டிஸ்க் 128 ஜிபிக்கு மேலன்னா இன்ஸ்டாலர் வழக்கமா 16 ஜிபியை விட்டு வச்சிருக்கும், நமக்கு அது தான் இப்ப உதவப் போகுது.

எல்விஎம் மெஷின்ல ஏற்கெனவே ஸ்வாப் இருந்து அதை பெருசு பண்றது தான் சுலபமான கேஸ். 4 ஜிபியை 8 ஆக்கறோம்னு வைங்க. முதல்ல ஸ்வாப்ஆஃப்னு போட்டு ஸ்லாஷ் தேவ் ஸ்லாஷ் பிவிஇ ஸ்லாஷ் ஸ்வாப்ங்கற பாத்தைக் குடுக்கணும். இதை அடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கோங்க, ஸ்வாப்ல இப்ப யூஸ் ஆயிருக்கிறது மொத்தமும் திரும்ப ராமுக்கு வந்தாகணும், அவைலபிள் அதைவிட நல்லா அதிகமா இருக்கணும், இல்லன்னா ஸ்வாப்ஆஃப் கேனாட் அலோகேட் மெமரின்னு சொல்லி நின்னுடும், இல்ல அதுக்கு நடுவுலயே ஓஓஎம் வந்து எதையாவது கொன்னுடும். இடம் பத்தலன்னா ஒரு விஎம்மை வேற நோடுக்கு மைக்ரேட் பண்ணிட்டு, இல்ல ஷட்டவுன் பண்ணிட்டு செய்ங்க. கமாண்ட் முடிய நேரம் எடுக்கும், ஹார்ட் டிஸ்க்னா ரொம்பவே எடுக்கும், ஹேங் ஆயிடுச்சுன்னு நெனச்சு பாதில ரீபூட் அடிக்காதீங்க, இன்னொரு டெர்மினல்ல ஃப்ரீ போட்டுப் பார்த்தா ஸ்வாப் யூஸ்டு குறைஞ்சுட்டே வர்றது தெரியும்.

அது முடிஞ்சதும் எல்விரீசைஸ், ஹைஃபன் போட்டு பெரிய எல், 8 போட்டு ஒட்டி பெரிய ஜி, அப்புறம் பிவிஇ ஸ்லாஷ் ஸ்வாப். சைஸ் மாறினா மட்டும் பத்தாது, மேல இருக்கிற ஸ்வாப் ஹெடர் பழைய 4 ஜிபியைத் தான் சொல்லிட்டிருக்கும், அதனால எம்கேஸ்வாப்னு போட்டு அதே முழு பாத்தைக் குடுத்து புதுசா எழுதணும். பாத்தை ரெண்டு தடவை படிச்சுட்டு என்டர் அடிங்க, ஸ்வாப்புக்கு பதில் டேட்டான்னு விழுந்துட்டா அது உங்க விஎம் டிஸ்க்கெல்லாம் இருக்கிற தின் பூல். கடைசியா ஸ்வாப்ஆன் ஹைஃபன் ஏ. எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகறப்ப எந்த டிஸ்க்கை எப்படி எடுக்கணும்னு சொல்ற எட்சி ஃபோல்டர் ஃபைல்) ப்ராக்ஸ்மாக்ஸ் யுயுஐடி (டிவைஸோட தனி அடையாள எண்) இல்லாம பிவிஇ ஸ்வாப் பாத்தையே எழுதி வச்சிருக்கறதால அங்க ஒண்ணும் மாத்த வேண்டியதில்ல, நீங்களா முன்னாடி யுயுஐடி போட்டு வச்சிருந்தா மட்டும் மாத்துங்க, ஏன்னா எம்கேஸ்வாப் புது யுயுஐடி குடுத்துடும்.

இன்ஸ்டால் பண்றப்ப ஸ்வாப் சைஸ் 0ன்னு குடுத்துட்டீங்கன்னா வால்யூமே இருக்காது. எல்விகிரியேட், பெரிய எல், 8ஜி, ஹைஃபன் என், ஸ்வாப், பிவிஇன்னு குடுத்து உருவாக்குங்க, எம்கேஸ்வாப் பண்ணுங்க, எஃப்எஸ்டேப்ல ஒரு வரி சேருங்க: முதல்ல டிவைஸ் பாத், அடுத்து நன், அடுத்து ஸ்வாப், அடுத்து எஸ்டபிள்யூ, அப்புறம் 0, 0. நடுவுல ஸ்பேஸ் தான் பிரிக்கும், கமா போட்டுடாதீங்க. இதை தின் பூலுக்குள்ள உருவாக்காதீங்க, பூல் நிறைஞ்சுபோச்சுன்னா ஸ்வாப்பும் எழுத முடியாம நிக்கும், அப்ப வர்ற பிரச்சனை மெமரி பிரச்சனையா டிஸ்க் பிரச்சனையான்னே பிடிபடாது.

விஜிஎஸ்ல இடமே இல்லன்னா ரூட் ஃபைல்சிஸ்டம்ல ஸ்வாப் ஃபைல் போடலாம், இஎக்ஸ்டி4ல தாராளமா ஓடும். டிடி வச்சு தேவ் ஜீரோல இருந்து 1 எம் ப்ளாக்ல 8192 தடவை எழுதினா 8 ஜிபி ஃபைல் வரும், அதுக்கு சிஹெச்மோட் 600 குடுத்தே ஆகணும், விஎம்முக்குள்ள இருக்கிற பாஸ்வேர்ட் சாவியெல்லாம் இந்த ஃபைல்ல வந்து உட்காரும், மத்த யூசர் படிக்கற மாதிரி இருக்கக்கூடாது. அப்புறம் எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன், எஃப்எஸ்டேப்ல வரி, அவ்ளோதான். ரூட்ல டிஎஃப் ஹைஃபன் ஹெச் போட்டுப் பார்த்து 8 ஜிபி போன பிறகும் நல்ல இடம் மிஞ்சுதான்னு பாருங்க, ப்ராக்ஸ்மாக்ஸ்ல ரூட் நிறைஞ்சா கான்ஃபிக் கூட சேவ் ஆகாது. யுஎஸ்பி பென்டிரைவ், எஸ்டி கார்டுல ஓஎஸ் போட்டிருக்கிறவங்க இந்த வழிப் பக்கமே வராதீங்க, அந்த எழுத்து வேகமும் ஆயுளும் இதுக்குத் தாங்காது.

எல்விஎம்முக்கு பதிலா இசட்எஃப்எஸ்ங்கற ஃபைல்சிஸ்டம் மேல இன்ஸ்டால் பண்ணினவங்க கதை தனி, இதை கவனமா படிங்க. அங்க இன்ஸ்டாலர் ஸ்வாப்பே வைக்காது. அதைப் பார்த்துட்டு சிலர் ஒரு இசட்வால் (இசட்எஃப்எஸ்ஸுக்குள்ள டிஸ்க் மாதிரி நடந்துக்கற வால்யூம்) உருவாக்கி அதையே ஸ்வாப்பா போட்டுடறாங்க, கமாண்ட் எல்லாம் எரர் இல்லாம ஓடும், பல நாள் ஓடும், மெமரி நெஜமா தீர்ற நேரத்துல தான் வினை. ஒரு பேஜை இசட்வால்ல எழுதணும்னா இசட்எஃப்எஸ்ஸுக்கே செக்சம், கம்ப்ரெஷன், பஃபர்னு கொஞ்சம் மெமரி வேணும், மெமரி இல்லாததால தான் ஸ்வாப்புக்கே வந்தோம், ஆக மெமரியை விடுவிக்க மெமரி கேட்டு ஒண்ணுக்கொண்ணு காத்துட்டு ஹோஸ்ட் அப்படியே உறைஞ்சு நிக்கும். ப்ராக்ஸ்மாக்ஸ் டாக்குமெண்ட்லயே இசட்வால் ஸ்வாப் சர்வரை ப்ளாக் பண்ணும், வெளி ஸ்டோரேஜுக்கு பேக்கப் ஆரம்பிக்கறப்ப அடிக்கடி நடக்கும்னு எழுதியிருக்காங்க. இசட்எஃப்எஸ் மேல ஸ்வாப் ஃபைலும் வேலை செய்யாது.

அதனால இசட்எஃப்எஸ்ல தனி பார்ட்டிஷன் தான் ஒரே நல்ல வழி. புதுசா இன்ஸ்டால் பண்றீங்கன்னா அட்வான்ஸ்டு ஆப்ஷன்ல ஹெச்டி சைஸ்ங்கறதை நெஜ சைஸைவிட ஒரு 8, 10 ஜிபி கம்மியா குடுங்க, டிஸ்க்கோட வால்ல இடம் காலியா இருக்கும், பிறகு எஃப்டிஸ்க்ல அங்க லினக்ஸ் ஸ்வாப் டைப்ல பார்ட்டிஷன் போட்டுக்கலாம். ஏற்கெனவே முழு டிஸ்க்கையும் இசட்எஃப்எஸ் பூல் எடுத்துக்கிச்சுன்னா பூலை சுருக்க முடியாது, வேற ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு அதுல ஸ்வாப் வைங்க. மிரர் (ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டா) போட்டிருக்கிறவங்க ஒண்ணு யோசிங்க: ரெண்டு டிஸ்க்லயும் தனித்தனியா ஸ்வாப் போட்டு ஒரே ப்ரையாரிட்டி குடுத்தா வேகமா இருக்கும், ஆனா ஒரு டிஸ்க் செத்தா அதுல பேஜ் வச்சிருந்த விஎம்மும் கூடவே விழும், மிரர் போட்டதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும். எம்டிஏடிஎம்ங்கற லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டு கருவில ரெய்டு 1 (அதுவும் மிரர் தான்) பண்ணி அது மேல ஸ்வாப் வைக்கறவங்க உண்டு, ப்ராக்ஸ்மாக்ஸ் எம்டி ரெய்டை அதிகாரபூர்வமா சப்போர்ட் பண்றதில்ல, இருந்தாலும் ஸ்வாப்புக்கு மட்டும்னா எனக்கு ஆட்சேபம் இல்ல.

இசட்எஃப்எஸ்ல ஸ்வாப்பைத் தொடறதுக்கு முன்னாடியே பார்க்க வேண்டியது ஏஆர்சி, அதாவது ராம்ல இசட்எஃப்எஸ் வச்சுக்கற சொந்த கேச். ஃப்ரீ கமாண்ட்ல அது யூஸ்டுன்னு தான் காட்டும், பேஜ் கேச்சா காட்டாது, மெமரி நெருக்கடி வந்தா சுருங்கும், ஆனா ஒரு விஎம் பொசுக்குன்னு ஸ்டார்ட் ஆகுற வேகத்துக்கு சுருங்காது. பழைய இன்ஸ்டால்ல ஹோஸ்ட் ராம்ல பாதி வரைக்கும் அது எடுத்துக்கும், ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1ல இருந்து புதுசா இன்ஸ்டால் பண்ணினா 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி தான். பழைய வெர்ஷன்ல ஆரம்பிச்சு அப்கிரேட் பண்ணிட்டே வந்தவங்களுக்கு இந்தப் புது வரம்பு தானா வராது. எட்சி மோட்ப்ரோப்.டி ஃபோல்டர்ல இசட்எஃப்எஸ்.கான்ஃப் ஃபைல்ல ஆப்ஷன்ஸ் இசட்எஃப்எஸ்னு ஆரம்பிச்சு, இசட்எஃப்எஸ் அண்டர்ஸ்கோர் ஏஆர்சி அண்டர்ஸ்கோர் மேக்ஸ்னு போட்டு, ஸ்பேஸ் விடாம = குறி, ஒட்டி சைஸை பைட் கணக்குல எழுதுங்க, 8 ஜிபின்னா 8589934592. ரூட்டும் இசட்எஃப்எஸ்ன்னா அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கமாண்டை ஹைஃபன் யு, ஹைஃபன் கே ஆல்னு ஓட்டிட்டு ரீபூட் பண்ணினா தான் எடுத்துக்கும். பல மெஷின்ல இந்த ஒரு வரியே ஸ்வாப் பிரச்சனையை முடிச்சுடும்.

அடுத்து ஸ்வாப்பினஸ், கெர்னல் எவ்ளோ ஆர்வமா பேஜை ஸ்வாப்புக்குத் தள்ளும்ங்கறதை முடிவு பண்ற நம்பர். டீஃபால்ட் 60. விஎம் டிஸ்க்கெல்லாம் டீஃபால்ட்டா கேச் நன்ல (ஹோஸ்ட் பேஜ் கேச்சைத் தொடாம) ஓடறதால பகல்ல ஹோஸ்ட்டோட பேஜ் கேச் சின்னதா தான் இருக்கும். ராத்திரி பேக்கப் வரும், கம்ப்ரெஸ் பண்ணின ஃபைல் லோக்கல் டிஸ்க்லயோ என்எஃப்எஸ்லயோ எழுதறப்ப பேஜ் கேச் ஏறும், கெர்னல் என்ன பண்ணும்னா இந்த பேக்கப் ஃபைலோட கேச்சுக்கு இடம் வேணும்னு தூங்கிட்டிருக்கிற விஎம் பேஜை ஸ்வாப்புக்குத் தள்ளும். பேக்கப் ஃபைலை திரும்ப யாரும் படிக்கப் போறதில்ல, ஆனா காலைல ஆபீஸ் திறந்ததும் விஎம் அந்த பேஜைக் கேட்கும். "காலைல மட்டும் ஈஆர்பி ஸ்லோவா இருக்கு, பத்து மணிக்கு மேல சரியாயிடுது"ங்கற புகாருக்குப் பின்னாடி பல சமயம் இது தான் இருக்கும். இதைக் குறைக்கத்தான் 10ன்னு வைக்கச் சொல்றாங்க, சர்வருக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் டாக்குமெண்ட் சொல்றதும் 10 தான். 0ன்னு வைக்காதீங்க, வேற வழியே இல்லாத நேரம் வரைக்கும் கெர்னல் ஸ்வாப்பைத் தொடாது, அப்ப தொட்டும் பெரிய பிரயோஜனம் இருக்காது.

எட்சி சிஸ்சிடிஎல்.டி ஃபோல்டர்ல 99-ஸ்வாப்பினஸ்.கான்ஃப்னு ஒரு ஃபைல் உருவாக்கி விஎம்.ஸ்வாப்பினஸ் = 10ன்னு ஒரே வரி எழுதி, சிஸ்சிடிஎல் ஹைஃபன் ஹைஃபன் சிஸ்டம்னு ஓட்டினா போதும், ரீபூட் வேணாம். பழைய வழிகாட்டிலெல்லாம் எட்சி சிஸ்சிடிஎல்.கான்ஃப்ல எழுதச் சொல்லுவாங்க, டெபியன் 13ல இருந்து பூட் ஆகறப்ப அந்த ஃபைலைப் படிக்கறதே இல்ல, ப்ராக்ஸ்மாக்ஸ் 9 அந்த டெபியன் மேல தான் ஓடுது, அதனால 8ல இருந்து 9க்கு வந்தவங்க பழைய வரி அங்கயே கிடக்குதான்னு பாருங்க, கிடந்தா உங்க ஸ்வாப்பினஸ் சத்தமில்லாம 60க்கு திரும்பியிருக்கும்.

கன்டெய்னர் (தனி கெர்னல் இல்லாம ஹோஸ்ட் கெர்னல்லயே ஓடற, விஎம்மை விட லேசான பெட்டி) ஓட்டறவங்களுக்கு ஒண்ணு. எல்எக்ஸ்சி கன்டெய்னர்ல ஸ்வாப் 512ன்னு ஒரு பாக்ஸ் இருக்கும், அது தனி ஸ்வாப் இல்ல, ஹோஸ்ட் ஸ்வாப்ல இருந்து எவ்ளோ எடுத்துக்கலாம்ங்கற வரம்பு மட்டும் தான். ஹோஸ்ட்ல ஸ்வாப் இல்லன்னா அங்க என்ன நம்பர் போட்டாலும் பலன் இல்ல, ஹோஸ்ட்ல 8 ஜிபி இருந்து இருபது கன்டெய்னருக்கு ஆளுக்கு 2 ஜிபின்னு குடுத்தா எல்லாம் ஒரே நாள்ல கேட்கறப்ப இடிக்கும். டீஃபால்ட்டையே விட்டுடுங்க.

விஎம்முக்குள்ளயும் ஸ்வாப் வைக்கணுமான்னு கேட்பீங்க. வைக்கணும், சின்னதா, ஏன்னா எந்த பேஜ் வேணும் எது வேணாம்னு தெரிஞ்சவன் உள்ள இருக்கிற கெர்னல் தான். ஆனா ஹோஸ்ட்டும் விஎம்மும் ஒரே நேரத்துல ஸ்வாப் பண்ணக்கூடாது. ஒரு பேஜை ஹோஸ்ட் ஏற்கெனவே டிஸ்க்குக்கு அனுப்பியாச்சு, விஎம்முக்கு அது தெரியாது, அதுக்கும் அதே பேஜ் பழசா தெரியுது, தன்னோட ஸ்வாப்ல எழுதலாம்னு எடுக்கப் போகுது, எடுக்கணும்னா ஹோஸ்ட் அதை டிஸ்க்ல இருந்து ராமுக்குக் கொண்டு வரணும், கொண்டு வந்ததை விஎம் மறுபடி டிஸ்க்ல எழுதும். யாருக்கும் வேண்டாத ஒரு பேஜுக்காக டிஸ்க்ல மூணு வேலை. இது ஆயிரக்கணக்குல நடந்தா டிஸ்க் திணறும். இதைத் தவிர்க்க ஹோஸ்ட் அளவுல ராமை அளவா பங்கு போடறது தான் வழி: ஹோஸ்ட்டுக்கு ஒரு 2 ஜிபி, அது மேல ஏஆர்சிக்கு, செஃப் (பல நோடோட டிஸ்க்கை ஒண்ணா சேர்க்கற ஸ்டோரேஜ்) இருந்தா அதோட ஒவ்வொரு ஓஎஸ்டிக்கும் (டிஸ்க்கைப் பார்த்துக்கற ப்ராசஸ்) டீஃபால்ட் டார்கெட் 4 ஜிபி, இதெல்லாம் கழிச்சுட்டு மிச்சத்தை விஎம்முக்குப் பிரிங்க. பலூனிங் ட்ரைவர் (விஎம்ல சும்மா இருக்கிற மெமரியை ஹோஸ்ட்டுக்குத் திருப்பிக் குடுக்கறது) போட்டு மினிமம் மெமரி குடுத்து வைங்க, ஹோஸ்ட் மெமரி 80 சதவீதம் தாண்டினா பலூன் வேலை ஆரம்பிக்கும், கேஎஸ்எம்மும் (ஒரே மாதிரி இருக்கிற பேஜை ஒண்ணா சேர்க்கறது) அதே கோட்டுக்குப் பக்கத்துல தான் முழிச்சுக்கும், ஸ்வாப்புக்கு முன்னாடி இந்த ரெண்டும் தாங்கணும். ஜிபியு பாஸ்த்ரூ (கிராஃபிக்ஸ் கார்டை நேரா விஎம்முக்கே குடுக்கறது) குடுத்த விஎம்ல பலூனும் ஆகாது ஸ்வாப்பும் ஆகாது, அதோட மெமரி மொத்தமும் பூட்டிக்கும், கணக்குல அதை முழுசா கழிச்சுடுங்க.

எல்லாம் பண்ணியாச்சு, இனி சரியா ஓடுதான்னு எப்படி பார்க்கறது? நிறைய பேர் சம்மரி பக்கத்துல ஸ்வாப் யூசேஜ் 60 சதவீதம்னு பார்த்து பயந்துடறாங்க. அந்த நம்பர் மட்டும் ஒண்ணும் சொல்லாது. ஒரு தடவை வெளிய போன பேஜை யாரும் கேட்கலன்னா அது மாசக் கணக்குல அங்கயே தான் இருக்கும், அதுல தப்பே இல்ல. பார்க்க வேண்டியது போக்குவரத்து. விஎம்ஸ்டாட் 1ன்னு அடிங்க, செகண்டுக்கு ஒரு வரி ஓடும், அதுல எஸ்ஐ, எஸ்ஓன்னு ரெண்டு காலம் இருக்கும், எஸ்ஐ டிஸ்க்ல இருந்து உள்ள வர்றது, எஸ்ஓ வெளிய போறது. முதல் வரியை விட்டுடுங்க, அது பூட் ஆனதுல இருந்து சராசரி. மத்த வரில ரெண்டும் 0ன்னு இருந்தா யூஸ்டு 7 ஜிபி காட்டினாலும் நிம்மதியா இருங்க. எஸ்ஓ மட்டும் எப்பவாவது எட்டிப் பார்த்தா பழைய பேஜ் ஒதுங்குது, பரவால்ல. ரெண்டும் நூறு ஆயிரம்னு விடாம ஓடினா தான் நெருக்கடி. ப்ராக் ஃபோல்டர்ல ப்ரெஷர் ஸ்லாஷ் மெமரின்னு ஃபைல் ஒண்ணு இருக்கு, அதுல ஃபுல்ங்கற வரில ஏவிஜி60 பூஜ்யத்தை விட்டு ஏறிட்டே இருந்தா ப்ராசஸெல்லாம் மெமரிக்காக நிக்குதுன்னு அர்த்தம், ப்ராக்ஸ்மாக்ஸ் 9ல இதை ஜியுஐலயே கிராஃபா காட்டறாங்க.

எந்த விஎம் ஸ்வாப்ல போய் உட்கார்ந்திருக்குன்னு தெரியணுமா, க்யூஎம் லிஸ்ட் அடிச்சா கடைசி நெடுவரிசைல பிஐடி (ப்ராசஸ் நம்பர்) வரும், அந்த நம்பரை எடுத்து ப்ராக் ஸ்லாஷ் அந்த நம்பர் ஸ்லாஷ் ஸ்டேட்டஸ் ஃபைல்ல விஎம்ஸ்வாப்ங்கற வரியை க்ரெப் பண்ணுங்க, விஎம் பெரிய வி சின்ன எம், ஸ்வாப்ல எஸ் பெருசு, கேபி கணக்குல காட்டும். யூஸ்டை பூஜ்யமா பார்க்கணும்னு தினமும் ஸ்வாப்ஆஃப் ஸ்வாப்ஆன்னு க்ரான் (குறிச்ச நேரத்துல தானா ஓடற வேலை) போடறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், அதை எடுத்துடுங்க, யாருக்கும் வேண்டாத பேஜை வலிய ராமுக்கு இழுத்துட்டு வர்றீங்க, அந்த சில நிமிஷம் ஹோஸ்ட்டுக்கு ஸ்வாப்பே இல்ல.

செட்டிங் முடிஞ்சதும் ஒரு தடவை மெயின்டெனன்ஸ் நேரத்துல ரீபூட் பண்ணி ஸ்வாப்ஆன் ஷோவும் ஸ்வாப்பினஸும் அப்படியே வருதான்னு பாருங்க, எஃப்எஸ்டேப்ல ஒரு எழுத்து தப்பானா கூட அப்ப தான் தெரியும். அப்புறம் அடுத்த பேக்கப் ராத்திரில விஎம்ஸ்டாட்டை ஒரு நிமிஷத்துக்கு ஒரு வரின்னு ஃபைல்ல எழுத விட்டுட்டு காலைல எஸ்ஐ காலத்தைப் படிங்க. பேக்கப் நேரத்துல மட்டும் கொஞ்சம் ஏறி இறங்கியிருந்தா விடுங்க. பகல் முழுக்க ஓடுதுன்னா இனி ஸ்வாப்ல செய்ய எதுவும் பாக்கி இல்ல, ஒரு விஎம்மை அடுத்த நோடுக்கு நகர்த்துங்க, இல்ல ராம் வாங்கிப் போடுங்க.